அமானிதம் ஏற்றி வந்த லாரி

பெயர்: லஸ்ஹர். தகப்பனார்: ஷெட்லி. தாயார்: மஹ்பூபா. வயது: நாற்பத்து நான்கு. சொந்த ஊர்: கெர்கென்னா தீவு, மெல்லிதா. தற்போதைய முகவரி: ஸ்ஃபாக்ஸ் நகரம், காபெஸ் சாலை, 'தார் எல் அவ்லா' மளிகைக் கடைகளின் குடோனுக்குப் பின்புற வீடு. தொழில்: மேற்படி கடைகளின் சரக்கு அனுப்பும் பிரிவில் மேலாளர். மணமானவர். முன் வழக்கு எதுவும் இல்லை.

கெர்கென்னா தீவின் ரம்லா காவல் நிலையத்தில் இன்று ஆஜராகி நான் சொல்வது. என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். எங்கள் லாரி ஓட்டுநர் அம்மார் மீது நஜ்லா என்ற பெண் கொடுத்த புகாரின் பேரில் அவரை இங்கே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். துறைமுகத்தில் பொய் சொன்னது அம்மார் இல்லை, நான். அவர் ஸ்பைத்லா பக்கத்து மலைக்காட்டு ஆள். நான் சொன்ன சொல்லுக்கு இந்தத் தீவில் என்ன அர்த்தம் என்றுகூட அவருக்குத் தெரியாது. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் முதலாளி ஹாஜியார் ஃபத்ஹி, ஸ்ஃபாக்ஸ்காரர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருந்தது ஒரே கடை, ஒரே பிக்-அப் வண்டி. எண்ணெய், குஸ்குஸ் ரவை, தக்காளி விழுது, ஹரிஸா மிளகாய் விழுது டப்பா, இவ்வளவுதான் வியாபாரம். அதன் பிறகு மஹ்ரஸில் ஒரு கடை, ஸ்கீராவில் ஒரு கடை, காபெஸில் இரண்டு என்று தெற்கே இறங்கிக்கொண்டே போனோம். எந்த லாரி எந்தக் கடைக்கு எப்போது போக வேண்டும் என்று வழி போட்டது எல்லாம் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமை இருந்தது, அதுதான் பின்னால் வினையாகப் போனது.

தீவில் கடை போடலாம் என்று ஹாஜியாரிடம் சொன்னவனும் நான்தான். அவர் சிரித்தார். "உங்க ஊர்ல பேய்க்கணவாயைத் தவிர வேற என்னப்பா விக்கும்?" என்று கேட்டார். ஸ்ஃபாக்ஸ்காரர்கள் எங்களை இப்படிச் சீண்டுவது வழக்கம்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு கட்டித் தயிருக்கும் ஒரு துண்டு வான்கோழி இறைச்சிக்கும் கடல் தாண்டி வர வேண்டியிருக்கிறது என்று நான் விடாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். கடைக்கு ஆள் எடுத்ததும் நானே. எல்லோரும் தீவுக்காரர்கள், என் தங்கை வீட்டுக்காரர் உட்பட. மெல்லிதா காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைப் பற்றி நான் அளந்த அளப்பு கொஞ்சமல்ல.

உலர்ந்த சரக்கில் தொந்தரவு இல்லை. குளிரில் வைக்க வேண்டிய சரக்குதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. வண்டி ஏற்றும் கப்பலுக்கு முன்பதிவு கிடையாது, யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் ஏற வேண்டும். ஆகஸ்டில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் கார்கள் துறைமுக வாசலைத் தாண்டி மீன் சந்தை வரைக்கும் நிற்கும். அது மட்டுமல்ல, கப்பலில் ஏறியதும் எல்லா வண்டியும் இன்ஜினை நிறுத்த வேண்டும், லாரியின் குளிர் மெஷினையும் நிறுத்தச் சொல்வார்கள். குளிர்ச் சரக்குக்கு முன்னுரிமை கேட்டு நாங்கள் மனு கொடுத்துப் பார்த்தோம், ஆகவில்லை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, மையத்து, அதாவது இறந்தவர் உடல், ஏற்றிய வண்டி, இந்த மூன்றுக்கு மட்டும்தான் வழி விடுவார்கள்.

கடை திறப்பதற்கு முன்பே இரண்டு லோடு தயிர் வெயிலில் கெட்டுப்போனது. மூடியெல்லாம் உப்பிப்போய் வந்ததை நானே நின்று குழியில் கொட்டவைத்தேன். அதன் பிறகு ஹாஜியார் போனில் கூப்பிட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. "லஸ்ஹர், இன்னொரு லோடு கெட்டா தீவுக் கடை வேணாம்னு விட்டுடுவோம். உன் ஆளுங்ககிட்ட நீயே சொல்லிடு" என்று மட்டும் சொன்னார்.

துறைமுகத்தில் நான் சொன்ன அந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் தீவு ஆட்கள் கடல் மேல் இருக்கும்போது மரணத்தைக் குறிக்கும் மௌத்து, மையத்து என்ற சொற்களை வாயில் எடுப்பதில்லை. ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் யாராவது இறந்து, உடலைக் கப்பலில் ஊருக்குக் கொண்டுவந்தால், 'அமானிதம் வருது' என்றுதான் சொல்வார்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று பொருள். அமானிதம் என்று சொன்ன பிறகு துறைமுக வாசலில் ஒருவரும் காகிதம் கேட்க மாட்டார்கள். கேட்டவன் பிறகு ஊரில் தலை காட்ட முடியாது.

எங்கள் குடோன் சுவரிலும் அதே சொல் இருக்கிறது. 'ஏற்றிய சரக்கு வாடிக்கையாளரின் அமானிதம்' என்று ஹாஜியார் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதைத் தினமும் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொன்னால் பொய்யும் ஆகாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முந்தாநாள் காலை தயிர், பாலாடைக்கட்டி, வான்கோழி இறைச்சி ஏற்றிய லாரியில் அம்மாருடன் நானும் ஏறிக்கொண்டேன். புதிய கடைகளுக்கே எங்கள் லாரிகள் போதாமல் இருந்ததால், அது வாடகைக்கு எடுத்த வண்டி. வெள்ளை வெளேரென்று இருந்தது, பக்கத்தில் கடைப் பெயர் கிடையாது. வரிசை மீன் சந்தையையும் தாண்டி நின்றது. நான் இறங்கி வாசல்வரை நடந்து போய், வாசல் ஊழியரிடம், "உள்ள அமானிதம் இருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

இந்த இடத்தில் அதிகாரி, அந்தச் சொல்லைக் கேட்டால் வாசல் ஊழியர் என்ன நினைப்பார் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும். நான் தீவுக்காரன். தெரிந்துதான் சொன்னேன்.

அந்த ஊழியர் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்தார். அதன் பிறகு வரிசை முழுக்கச் செய்தி போனது. கார்களில் பாட்டு நின்றது. ஒருவர் பின் ஒருவராக வண்டியை ஓரம் கட்டி எங்களுக்கு வழி விட்டார்கள். கப்பல் அதற்குள் நிறைந்துவிட்டதால் எங்களுக்கு இடம் பண்ண ஏற்றிய வண்டிகளில் சிலவற்றைப் பின்னால் எடுத்தார்கள். அதில் ஒன்று மணப்பெண் கார், பூவும் ரிப்பனும் கட்டியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்பதற்காகக் கண்ணாடி அருகே போனேன். அந்தப் பெண், "நீங்க போங்கண்ணே. நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சொல்லிவிட்டு, தன் ஆட்களிடம் ஹார்ன் அடிக்க வேண்டாம் என்று சைகை காட்டியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனாலும் லாரியை ஏற்றச் சொன்னேன்.

கப்பலில் எல்லா இன்ஜினும் நின்றது. எங்கள் குளிர் மெஷினை மட்டும் ஓட விட்டார்கள். நான் கேட்காமலே மாலுமி ஒருவர் வந்து, அது ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து லாரியைச் சுற்றி நின்று இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதினார்கள். அம்மாருக்கும் எனக்கும் கை கொடுத்தார்கள். ஒரு அம்மா பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். காப்பிக்குக் காசு நீட்டியபோது கடைக்காரர் வாங்கவில்லை. அம்மார் என் காதில், "உங்க ஊருக்காரங்க எவ்வளவு தங்கமானவங்க சார். லாரிக்காரனைக்கூட இப்படிக் கவனிக்கிறாங்களே" என்றார். நான் அவருக்கு ஒன்றும் விளக்கவில்லை.

ஒரு பெரியவர் லாரியின் பின் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "யார் வீட்டுது தம்பி?" என்று கேட்டார். "தெரியலை பெரியப்பா. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் மட்டும்தான்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது இப்படித்தான். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தால் எதுவும் பொய் இல்லை.

அவர் பக்கத்திலிருந்தவரிடம், வண்டியில் ஆஸ்பத்திரிப் பெயரும் இல்லை, கூட அழுகிற ஆளும் இல்லை, யார் என்றும் தெரியவில்லை என்றால் இது கடலில் எடுத்த உடலாகத்தான் இருக்கும் என்றார். இன்னொருவர், "அப்ப மபரூக்கா பையன்" என்றார். அதன் பிறகு அங்கங்கே போன்கள் வெளியே வந்தன.

மபரூக்கா, எல் அத்தாயா என்ற கிராமத்தில் இருப்பவர், கணவரை இழந்தவர். மேற்படி புகார் கொடுத்த நஜ்லா அவருடைய மகள். மகன் அனீஸ் வசந்த காலத்தில் இத்தாலிக்கு என்று ஒரு படகில் கிளம்பிப் போனான். படகும் போய்ச் சேரவில்லை, ஒரு தகவலும் இல்லை. எங்கள் தீவில் இது தெரியாதவர் யாருமில்லை, எனக்கும் தெரியும்.

அந்தப் பெயர் என் காதில் விழுந்தபோது கரை ஏற இன்னும் நிறைய நேரம் இருந்தது. இது தயிர் லாரி, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. லாரிக்கு முன்பக்கம் போய்க் குளிர் எவ்வளவு என்று பார்த்தேன். நான்கு டிகிரி காட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீவின் சிதி யூசுஃப் துறையில் கப்பல் கதவு இறங்கியபோது கரையில் கூட்டம் நின்றது. பள்ளிவாசலிலிருந்து மையத்தை வைத்துத் தூக்கும் சந்தூக்கைத் தோளில் தூக்கி வந்திருந்தார்கள். மபரூக்கா பெரியம்மா கூட்டத்துக்கு முன்னால் நின்றார். கையில் ஒரு பை. பையில் பிரிக்காத சோப்பும் ஒரு பாட்டில் பன்னீரும் தெரிந்தன. நஜ்லா அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இறங்கியதும் பெரியம்மா நேராக லாரியின் பின்பக்கம் போய், கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டார். சத்தம் போட்டு அழவில்லை. ஆண்கள் பார்ப்பதற்கு முன்னால் தான் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கூட்டமும் விலகி நின்றது.

கதவைத் திறக்கிற தைரியம் எனக்கு வரவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. 

அதன் பிறகு பெரியம்மா மேலே ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தத்தைக் கவனித்தார். கதவு எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். அம்மாரிடம் போய், "தம்பி, அதை நிறுத்திடுப்பா. என் பிள்ளைக்குக் குளிர் ஆகாது" என்றார்.

அம்மார் ஒன்றும் புரியாமல், அந்த அம்மா சொல்கிறாரே என்று பொத்தானில் கை வைத்தார்.

நான் கத்தினேன். "ஏய், நிறுத்தாதே, தயிர் கெட்டுடும்."

இத்தனை வருடம் நான் ஓட்டுநர்களிடம் சொல்லி வந்த வார்த்தை. யோசித்துச் சொன்னதில்லை, தானாக வாயில் வந்தது.  சந்தூக்கைத் தூக்கியிருந்தவர்கள் அதை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். கப்பலில் எனக்கு முதலில் கை கொடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஜ்லா மட்டும்தான் பேசினாள். "கேட்டுக்கம்மா. தயிருக்குக் குளிர் வேணுமாம்" என்றாள்.

யாராவது என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெரியம்மா என்னிடம் வந்து கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்ப்புகை வந்தது. தயிர்ப் பெட்டிகள் கூரைவரை அடுக்கி இருந்தன. பெரியம்மா உள்ளே ஏறினார். முன்வரிசைப் பெட்டிகளை எடுத்து ஓரமாக வைத்தார். அதன் பிறகு அடுத்த வரிசையை எடுத்தார். உதவிக்குப் போன அம்மாரை வேண்டாம் என்றார். கடைசிச் சுவர்வரை போய், இறைச்சிப் பெட்டிகளையும் விலக்கி, கீழே குனிந்து பார்த்தார். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை, வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அவ்வளவு நேரமும் கதவு திறந்தே கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய சட்டைக் கை முழுக்க ஈரமாக இருந்தது. முகம் மாறியிருந்தது. "இதுல இல்ல" என்றார். மகளைப் பார்த்து, "நஜ்லா, அவன் இதுல இல்லடி. அல்ஹம்துலில்லாஹ் சொல்லு" என்றார். சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. அதன் பிறகு என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் உம்மா உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

அப்போதே நான் இங்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. லாரியை ரம்லாவில் திறக்கவிருந்த எங்கள் கடைக்கு விட்டு, சரக்கை இறக்கி, குளிர் அலமாரியில் அடுக்கச் சொன்னேன். கடை வேலையாட்கள் வேலை செய்தார்கள், என்னுடன் பேசவில்லை. என் தங்கை வீட்டுக்காரர், "மச்சான், நீங்க இன்னைக்கே ஸ்ஃபாக்ஸ் போயிடுங்க" என்றார். போய்விட்டேன். அன்று மாலை கடை திறந்தது. ஊரில் ஒருவர்கூட உள்ளே வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

நேற்று அம்மார் தனியாக அடுத்த லோடு கொண்டுவந்தார். நேர்மையாக வரிசையில் நின்றுதான் வந்தார். சிதி யூசுஃபில் மபரூக்கா பெரியம்மா நின்றிருந்தார். கதவைத் திறந்து காட்டு, பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டார். வழியில் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஓட்டுநர்களுக்குக் கட்டளை, அதைப் போட்டவனும் நான்தான். வேலை போய்விடும் என்று பயந்து அம்மார் மறுத்தார். பெரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நஜ்லா வந்து அம்மாருடன் சண்டை போட்டு, இவன்தான் பொய் சொல்லி என் தாயை இந்த நிலைக்கு ஆளாக்கினவன் என்று புகார் கொடுத்தாள். நஜ்லா கோபப்பட்டதில் தப்பே இல்லை, ஆள்தான் மாறிவிட்டது.

செய்தி கேட்டதும் ஹாஜியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். குடோன் சுவரில் எழுதியிருப்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு, தீவுக்குப் போகிற ஒவ்வொரு குளிர் லாரியும் துறையில் நின்று அந்த அம்மாவுக்குக் கதவைத் திறந்து காட்டிவிட்டுத்தான் கடைக்குப் போகும் என்று நான் சொன்னேன். "தினமுமா?" என்று கேட்டார். "தினமும்தான் ஹாஜியார்" என்றேன். சரக்கு கெட்டால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, கெடட்டும், என்னை வேலையை விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்று காலைக் கப்பலில் நான் நடந்து ஏறி வந்தேன். கப்பலில் ஒருவரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மபரூக்கா பெரியம்மா துறையில் சுவரோரம் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கப்பலில் இருந்து லாரி எதுவும் இறங்காததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. பெரியம்மா, நான் செய்தது பெரிய பாவம், என்னை மன்னிக்க வேண்டாம், ஆனால் இனிமேல் இங்கே வந்து உட்காராதீர்கள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீதானே தம்பி வண்டியெல்லாம் அனுப்புறவன். அடுத்த கூலிங் வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார்.

எந்த லாரி எந்தக் கப்பலில் வரும் என்று சொல்வதுதான் என் வேலை. நாளைக்கு இரண்டாவது கப்பலில் வரும் என்று சொன்னேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

அதிகாரி இதுவரை எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது எதுவும் விடுபடவில்லை, சொல்லாதது எதுவும் சேர்க்கப்படவில்லை. யாருடைய மிரட்டலுக்கோ ஆசை வார்த்தைக்கோ இணங்கி இதைச் சொல்லவில்லை. ஓட்டுநர் அம்மார் குற்றமற்றவர், அவரை அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இவை யாவும் உண்மை என்று என் கைப்பட ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) லஸ்ஹர், த/பெ ஷெட்லி
ரம்லா, கெர்கென்னா